பரங்கிப்பேட்டையில் யாரும் இறங்குவதில்லை

பிச்சாவரத்துக்கு நான் முதலில் போனது 2009இல், அலுவலக நண்பர்கள் பதினெட்டுப் பேரோடு ஒரு வேனில். விடிகாலை நாலு மணிக்குத் தரமணியில் ஏறினோம். சிதம்பரத்தில் இட்லி, வடை. கோயிலை வெளியே நின்றே பார்த்துவிட்டு நேராகப் படகுத்துறை. துடுப்புப் படகில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே ஒரு மணி நேரம். "அமேசான் மாதிரி இருக்குல்ல?" என்று ஒருவர் கேட்க, அமேசானைப் பார்த்திராத நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம். திரும்பும்போது எங்கள் ஆட்களில் ஒருவர் சாப்பிட்ட பிளாஸ்டிக் தட்டைத் தண்ணீரில் விட்டார். படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. படகை ஒரு வளைவு வளைத்து, குனிந்து, அந்தத் தட்டை எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டார். நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வளைவு மட்டும் மனசில் தங்கிவிட்டது.

என் மனைவிக்குச் சொந்த ஊர் சிதம்பரம். அடுத்த முறை மாமியார் வீட்டுக்குப் போனபோது, பிச்சாவரத்துக்கு வடக்கே ஆற்றைத் தாண்டினால் என்ன ஊர் என்று கேட்டேன். "பரங்கிப்பேட்டை" என்றார் அத்தை. போய்ப் பார்க்கலாமா என்றதும், "அங்க என்ன மாப்ள இருக்கு? மீன் வாங்கப் போவாங்க, அவ்ளோதான்" என்றார். எழுபது வருஷமாகப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இருப்பவர் சொல்கிறார். நானும் விட்டுவிட்டேன்.

அதைத் திரும்பவும் எடுத்தது தரமணியில்தான். நான் குடியிருக்கும் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அதே சுற்றுவட்டாரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. காலையில் கணினி நிறுவனங்களுக்குப் போகிற கூட்டம் இரண்டையும் நிமிர்ந்தும் பார்க்காமல் கடந்துவிடும். நானும் பல வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒருவன். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு சும்மா இருக்க முடியாமல் படிக்கத் தொடங்கினேன். 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியர், அதற்கு முன் 1878இல் வந்த கார்ஸ்டினின் கையேடு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனேன். இரண்டிலும் 'போர்ட்டோ நோவோ' என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆனது. அத்தை மீன் வாங்கப் போவார்கள் என்று சொன்ன ஊர்தான் அது.

போர்ட்டோ நோவோ என்றால் போர்த்துக்கீசிய மொழியில் புதிய துறைமுகம். இதே பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் தலைநகரம் இருக்கிறது. போன இடத்திலெல்லாம் அவர்களுக்கு அது புதிய துறைமுகம்தான், ஏற்கெனவே அங்கே துறை இருந்தவர்களைக் கேட்டா பெயர் வைப்பார்கள்? பரங்கி என்ற சொல் ஐரோப்பாவின் 'பிராங்க்' இனத்தார் பெயர் அரபு, பாரசீகம் வழியாக நம் வாய்க்கு வந்து சேர்ந்தது. சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை ஞாபகம் வரும். முஸ்லிம் வணிகர்களும் அவர்களோடு எழுதிப் பழகியவர்களும் இந்த ஊரை மஹ்மூது பந்தர் என்றார்கள். ஒரு ஊருக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைத்திருந்தால், அந்த மூன்று பேருக்குமே அங்கே ஏதோ காரியம் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஊர் இருப்பது வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், வடகரையில். இந்த வெள்ளாறு சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து உண்டாவது. தெற்கே கொஞ்ச தூரத்தில் கொள்ளிடம். இரண்டு ஆற்று முகத்துவாரங்களுக்கும் நடுவே உப்பும் நன்னீரும் கலந்து தேங்கும் பரப்புதான் பிச்சாவரம் காடு. ஊரும் காடும் ஒரே நீரின் இரண்டு கரைகள் என்பதை வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்துகொண்டேன். வேனில் போனபோது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது.

போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்தார்கள். அப்போது செஞ்சி நாயக்கர்கள் ஆட்சி. பிறகு டச்சுக்காரர்களும் டேனியர்களும் பண்டகசாலை வைத்தார்கள். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் மகன் சம்பாஜியின் ஆட்சியில் ஆங்கிலேயர்களுக்கும் இங்கே குடியேற அனுமதி கிடைத்தது. ஐரோப்பியர் கதையைச் சொல்லத் தொடங்கினால் சொல்லிக்கொண்டே போகலாம், அது எல்லாத் துறைமுகத்துக்கும் ஏறக்குறைய ஒரே கதை. எனக்குப் பிடித்தது அவர்களுக்கு இணையாக, பல சமயம் அவர்களை முந்தி, இங்கிருந்து கப்பல் விட்ட நம்மூர் முஸ்லிம் வணிகர்களின் கதை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு அச்சே, மலாக்கா, பெகு என்று போனார்கள். மலாய் உலகில் அவர்களுக்குச் சூலியா என்று பெயர். யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம், சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றி 1986இல் எழுதிய நூலில் இவர்களுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். கம்பெனிகள் வந்ததும் நம் வணிகம் அன்றோடு செத்துப்போனது என்று பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அந்தப் புத்தகம் ஒரு நல்ல அடி. சாகவில்லை, நூறு, நூற்றைம்பது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

துறைமுகம் என்றதும் நாம் நினைப்பதுபோல் கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்காது. சோழமண்டலக் கரையில் இயற்கையான ஆழத் துறை கிடையாது. முகத்துவாரத்தில் மணல்திட்டு. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகுகள் ஆற்றுக்குள்ளிருந்து சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும். வெள்ளாற்றின் நன்மை அதுதான்: படகுகளுக்கு அடங்கிய நீர், புயலுக்கு ஒதுங்க இடம், உள்நாட்டு நெசவு ஊர்களுக்கு வழி.

1781 ஜூன் மாதம் இந்த ஊருக்கு வேறு விதமான கூட்டம் வந்தது. சர் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயப் படை சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்று, பரங்கிப்பேட்டைக்கு வந்து கிடந்தது. ஆம், கோயிலைத்தான், அப்போது அது ஹைதர் அலியின் ஆட்கள் காவல் காத்த கோட்டை. படைக்குச் சோறு கடல் வழியாக வந்தாக வேண்டிய நிலை. ஜூலை 1ஆம் தேதி ஊருக்கு வடக்கே கடலோரமாகப் போர் நடந்தது. கூட்டிடம் எட்டாயிரத்துச் சொச்சம் பேர், ஹைதரிடம் அதைப்போலப் பல மடங்கு. கரையோரம் நின்ற ஒரு சிறிய போர்க்கப்பலும் குண்டு போட்டு உதவியது. ஹைதர் பின்வாங்கினார். அன்று முடிவு வேறாக இருந்திருந்தால் சென்னை என்ன ஆகியிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் எழுதுகிறார்கள். பரங்கிப்பேட்டை என்ன ஆகியிருக்கும் என்று யாரும் எழுதவில்லை.

நான் ரொம்ப நேரம் நின்றது இரும்பாலையில். ஜோசையா மார்ஷல் ஹீத் சென்னை மாகாணத்தில் கம்பெனி வேலையில் இருந்தவர், சேலத்தில் வணிக அதிகாரி. சேலத்துக் கொல்லர்கள் சின்னச் சின்ன மண் உலைகளில் உருக்கும் இரும்பைப் பார்த்துவிட்டு அவருக்குப் பைத்தியம் பிடித்தது. 1825இல் வேலையை விட்டார். கம்பெனியிடம் தனியுரிமையும் முன்பணமும் வாங்கி, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை ஊது உலைகளை நிறுவினார். இந்தியாவில் நவீன முறையில் இரும்பு உருக்கிய முதல் ஆலை என்று இதைச் சொல்வார்கள். ஜாம்ஷெட்பூர் ஆலை வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன். இங்கே உருக்கிய இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போனது. வேல்ஸில் 1850இல் திறந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று சொல்வதுண்டு.

தாது சேலத்தில். உலை கடற்கரையில். எரிபொருளோ நிலக்கரி இல்லை, மரக்கரி. கணக்கு அங்கேயே இடித்தது. ஒவ்வொரு டன் இரும்புக்கும் அதைவிடப் பல மடங்கு எடையுள்ள மரம் வெட்டிச் சுட்டாக வேண்டும். காடு ஒவ்வொரு வருஷமும் தூரம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வண்டிச் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. கம்பெனி கைமாறியது, பெயர் மாறியது, 1853இல் இன்னொரு புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஒன்றும் நிற்கவில்லை. ஹீத் அதற்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார். உருக்கில் மாங்கனீசு சேர்த்துத் தரம் கூட்டும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டு காசு தராமல் விட்டார்கள். வழக்கு போட்டே காலம் போய், 1851இல் இறந்தார். வழக்கு அவருக்குப் பின்னும் நடந்து பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது.

இந்த மனிதருக்கு இன்னொரு பக்கம் உண்டு. பறவை, விலங்கு சேகரிப்பில் நாட்டம். அவர் பெயரில் ஒரு வௌவால் இருக்கிறது: மஞ்சள் வயிறு, மாலையில் வீடுகளைச் சுற்றிப் பறக்கும் வகை. 1831இல் ஹார்ஸ்ஃபீல்டு அதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது ஹீத்தின் பெயரை வைத்தார். தரமணியில் இருட்டும் நேரத்தில் தெருவிளக்கைச் சுற்றி ஏதாவது வௌவால் பறந்தால் அது ஹீத்துடையதாக இருக்குமோ என்று இப்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். மனைவி பயந்துபோய்க் கண் டாக்டரிடம் போகச் சொன்னாள்.

1870களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே ரயில் பாதை வந்தது. சரக்கு கடலை விட்டுத் தண்டவாளத்துக்கு மாறியது. பெரிய நீராவிக் கப்பல்களுக்கு வெள்ளாற்று மணல்திட்டும் ஒத்துவரவில்லை. பரங்கிப்பேட்டைக்கும் ஸ்டேஷன் உண்டு, ஆனால் ஊரிலிருந்து தள்ளி. அதன் பிறகு கெசட்டியரில் இந்த ஊரைப் பற்றிய வாக்கியங்கள் எல்லாமே இறந்த காலத்தில் இருக்கின்றன.

இதே நேரத்தில் வங்காளத்தில் ஒரு துறைமுகம் இன்னும் வேகமாகச் செத்தது. கல்கத்தாவுக்கு மாற்றாக மாத்லா ஆற்றங்கரையில் கானிங் துறைமுகத்தைக் கட்டத் திட்டமிட்டார்கள். சைக்ளோன் என்ற சொல்லையே உண்டாக்கிய ஹென்றி பிடிங்டன், அங்கே கட்டாதீர்கள், புயல் அலை அடித்துக்கொண்டு போகும் என்று 1853இலேயே தலைமை ஆளுநருக்கு எழுதினார். கட்டினார்கள். 1867 நவம்பர் புயலோடு கதை முடிந்தது. ஆனால் கானிங்குக்கு ரயில் மிஞ்சியது. இன்றைக்கு சுந்தரவனத்துக்குப் புலி பார்க்கப் போகிறவர்களில் பலர் அந்த ஸ்டேஷனில் இறங்கித்தான் போக வேண்டும். துறைமுகமாகத் தோற்ற ஊர் காட்டுக்கு வாசலாகப் பிழைத்துக்கொண்டது. பரங்கிப்பேட்டைக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. பிச்சாவரத்துக்கு வாசல் சிதம்பரம் என்று ஆகிவிட்டது. பயணி கோயிலைப் பார்த்துவிட்டுக் கிள்ளை வழியாகப் படகுத்துறைக்குப் போய், அதே வழியில் திரும்பிவிடுகிறார். 1975இல் எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி'யில் ஊரே பார்த்த அந்தத் தண்ணீருக்கு வடகரையில் ஒரு ஊர் இருப்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

சிதம்பரத்துக்கு அந்தக் காட்டின்மேல் ஒரு பழைய உரிமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தில்லை என்ற பெயரே ஒரு அலையாத்தி மரத்தின் பெயர். கோயிலின் தலமரம் அது. அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே கெடும் என்பார்கள். இன்று கோயிலைச் சுற்றித் தில்லைக்காடு கிடையாது, கான்கிரீட்தான். தில்லையைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் காடு எவ்வளவு உள்ளே வந்திருந்தது என்பதற்கு ஊர்ப் பெயரைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்படியானால் 2009இல் நான் பார்த்து 'அமேசான்' என்று தலையாட்டிய காடு எது? மனிதக் கை படாத காடு என்றுதான் எங்கள் வேனில் எல்லோரும் நினைத்திருந்தோம். சுற்றுலா விளம்பரங்களும் அப்படித்தான் பேசும். உண்மை அப்படியில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது காப்புக்காடு ஆனது. காப்பு என்றால் வெட்டக்கூடாது என்றல்ல. சர்க்கார் மட்டும் வெட்டலாம் என்று பொருள். காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு கூறு மொட்டையடித்தார்கள். சுற்று முடிந்து திரும்ப வரும்போது முதல் கூறு வளர்ந்திருக்கும் என்பது ஏற்பாடு. விடுதலைக்குப் பிறகும் 1970கள் வரை இது தொடர்ந்தது.

வளரவில்லை. ஏன் வளரவில்லை என்பதைக் கண்டுபிடித்தது என் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் நிறுவனம். ஆடு மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள் என்று அதுவரை கரையோரத்து ஏழைகளின்மேல்தான் பழி. சுவாமிநாதன் நிறுவனத்தில் வி. செல்வமும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் மண்ணைப் பார்த்தார்கள். மொட்டையடித்த இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் விழுகிறது. ஈரம் ஆவியாகிறது. மண் அமுங்கித் தட்டுபோல் குழிகிறது. அந்தக் குழிக்குள் ஓத நீர் வந்தால் திரும்பிப் போக வழியில்லை. தேங்கி, காய்ந்து, உப்பேறி, எந்த விதையும் முளைக்காத களராகிறது. அதாவது காட்டைக் கெடுத்தது காட்டை நிர்வகித்த முறைதான். இதை ஒரு துறைக்கு எதிராகச் சத்தம் போட்டுச் சொல்லாமல், அந்தத் துறையையே கூட வைத்துக்கொண்டு வேலை செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். நானாக இருந்தால் கட்டுரை எழுதிச் சண்டை போட்டிருப்பேன்.

தீர்வு ரொம்ப எளிது, சொல்வதற்கு. குழிந்த இடத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி ஓடையோடு இணைப்பது. அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே வரும், வற்றும்போது வெளியேறும், உப்பைக் கழுவிக்கொண்டு போகும். வாய்க்கால் ஓரத்தில் கண்டல் நாற்றுகளை நடுவது. 1986இன் செயற்கைக்கோள் படத்தையும் 2002இன் படத்தையும் ஒப்பிட்டு, காட்டுப் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியிருப்பதாக அவர்கள் எழுதினார்கள். நாங்கள் வேனில் போய்ப் பார்த்த பசுமையில் ஒரு பெரும் பங்கு வெட்டிய வாய்க்காலில் வளர்ந்தது.

வெட்டியது யார்? இந்தக் கேள்வியோடுதான் நான் இரண்டாம் முறை போனேன், தனியாக. முதலில் பரங்கிப்பேட்டை. பேருந்திலிருந்து இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "எங்கேருந்து வர்றீங்க தம்பி?" சென்னை என்றேன். "பிச்சாவரத்துக்கா? அப்ப நீங்க தப்பா எறங்கிட்டீங்க." இல்லை பாய், இந்த ஊரைப் பார்க்கத்தான் வந்தேன் என்றதும் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு சந்தோஷம் வந்துவிட்டது. தாத்தா பினாங்கு போனவர், அப்பா சிங்கப்பூர், மகன் துபாய் என்று வரிசையாகச் சொன்னார். "நாங்க எப்பவுமே வெளியூர்ல சம்பாரிச்சு இங்க வீடு கட்டுறவங்க. ஊருக்குள்ள என்ன இருக்கு, சொல்லுங்க." அச்சே, மலாக்கா, பெகு. ஊர்ப் பெயர்கள்தான் மாறியிருக்கின்றன என்று தோன்றியது. இரும்பாலை எங்கே இருந்தது என்று கேட்டதற்குக் கையை ஆற்றுப் பக்கம் காட்டி, "இரும்புன்னு சொல்வாங்க, கேள்விதான்" என்றார். காசு வாங்க மாட்டேன் என்று பிடிவாதம். வடக்கே வயல்களுக்கு அப்பால் 1200 மெகாவாட் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. ஹீத் தேடிக் களைத்த எரிபொருள் இப்போது சரக்கு ரயிலில் வந்து இறங்குகிறது.

ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆர். வி. சேஷையா போட்ட விதை. 1960களில் உயராய்வு மையமாக வளர்ந்தது. வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்பு, மீன், நண்டு, நுண்ணுயிர் எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று இங்கிருந்து வந்தது. கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்தில் 18 குக்கிராமங்களை எடுத்து, அலையாத்திக் காடு இருந்த இடத்தில் உயிர்ச்சேதம் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். 'அலையாத்தி' என்ற சொல்லையே நான் அப்போதுதான் செய்தித்தாளில் முதலில் படித்தேன். மறு ஆண்டே கெர், பேர்டு, கேம்பல் மூவரும் அதே தரவுகளை வைத்துக்கொண்டு மறுத்தார்கள்: காப்பாற்றியது மரங்கள் அல்ல, கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் நிலத்தின் உயரமும்தான் என்று. சுற்றுலாப் பேச்சில் இந்த மறுப்பு வருவதே இல்லை. இரண்டையும் படித்த எனக்கு, மரம் ஒரு சுவர் என்று நம்பி யாரும் அதன் முன்னால் வீடு கட்டிவிடக் கூடாது என்றுதான் பட்டது. அதே நேரம், காட்டுக்குப் பின்னால் இருந்து தப்பியவர்களிடம் போய் இந்தப் புள்ளிவிவரத்தைச் சொல்லவும் எனக்குத் தைரியம் கிடையாது.

பி.முட்லூர் போய், ஆற்றுப் பாலம் தாண்டி, கிள்ளை வழியாக ஆட்டோவில் மறுகரைக்குச் சுற்றினேன். பிச்சாவரம் பக்கம் இருளர் குடியிருப்பில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோய் விட்டார் ஆட்டோக்காரர். "வாய்க்கால் வெட்டுனதா? எங்களத்தான் வெட்டச் சொன்னாங்க சார். இடுப்பளவு சேறு. மம்பட்டிய தூக்கறதுக்குள்ள உயிர் போயிரும்" என்றார் சிரித்துக்கொண்டே. அதற்கு முன்பு? "அதுக்கு முன்னாடி கையாலதான் எறா புடிப்போம். வலை கெடையாது, படகு கெடையாது. ஓலைப் பறிய வாயில கவ்விக்கிட்டு, ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள வுட்டுத் தடவித் தடவி." பல்லால் கடித்துக் காட்டினார். ஆணும் பெண்ணும் கழுத்தளவு நீரில் தவழ்ந்து போகும் அந்த முறையைப் பற்றி ஆய்வறிக்கைகளில் படித்திருந்தேன். பெரியவர் கடித்துக் காட்டும்வரை எனக்கு அது படமாக வரவில்லை.

மீனவர் சாதி இல்லை என்பதால் மற்ற மீனவர்கள் இவர்களை ஆற்றில் வலை போட விட்டதில்லை. காப்புக்காடு என்பதால் காட்டுக்குள் போனாலும் திட்டு. பழங்குடிச் சான்றிதழ் வாங்க வருஷக்கணக்கில் நடை. "சான்றிதழ் வந்தப்புறம்தான் சார் நாங்க இருக்கோம்னே ஆபீஸ்ல தெரிஞ்சுச்சு" என்றார். வாய்க்கால் வேலையை ஒட்டித்தான் படகு, வலை, பள்ளிக்கூடம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததாம்.

கடல் பக்கத்துத் திட்டில் இருந்த மீனவர் குடியிருப்பு சுனாமியில் போய்விட்டது. இப்போது அந்தப் பாழ் வீடுகளும் படகுப் பயணிகளுக்கு ஒரு காட்சி. "அங்க நின்னு போட்டோ எடுக்கறாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் 2009இல் போட்டோ எடுத்தவன்தான்.

2022 ஜூலையில் தமிழ்நாட்டின் மூன்று இடங்கள் ஒரே அறிவிப்பில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன: பிச்சாவரம், கரிக்கிலி, பிறகு எங்கள் பள்ளிக்கரணை. தரமணிக்குத் தெற்கே, பெருங்குடிக் குப்பைமேட்டை ஒட்டி இருக்கும் அந்தச் சதுப்புநிலத்தையும் சதுப்பாகவே ஒருவரும் நினைத்ததில்லை. சர்க்கார் காகிதத்தில் அது தரிசு என்றே வெகுகாலம் இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றால்தான் அதன் நினைவு வரும். பெரியவரிடம் ராம்சர் பற்றிக் கேட்டேன். போர்டு வைத்திருக்கிறார்கள், படித்துச் சொன்னார்கள் என்றார். அதனால் கூட்டம் கூடியிருக்கிறதா? "கூட்டம் எப்பவும் உண்டு. லீவு நாள்ல நிக்க எடம் இருக்காது. படகோட்டுற புள்ளைங்களுக்கு நல்லதுதான்." உங்களுக்கு? "நமக்கு எறாதான் சார்."

அவருடைய கவலை வேறாக இருந்தது. நன்னீர் குறைந்துகொண்டே வருகிறது. மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து கொள்ளிடத்தில் வருகிற நீர் வேறு கணக்கு. வெள்ளாற்றிலும் மழைக்காலம் தவிர மற்ற நாளில் வருவது கடல் தண்ணீர்தான். உப்பு தாங்காத சில மர வகைகள் இந்தக் காட்டிலிருந்து போயே போய்விட்டன என்று அறிக்கைகள் சொல்கின்றன. அவர் தன் பாஷையில் அதையே சொன்னார். அத்தோடு, வெட்டிய வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டிருக்கின்றன. ஓதம் வரும்போது சேற்றையும் கொண்டுவருகிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தூர் வாரவில்லை என்றால் பழையபடி நீர் தேங்கும்.

"வா சார், காட்டறேன்" என்று படகில் ஏற்றிக்கொண்டார். பயணிகள் போகும் ஓடை இல்லை, பின்பக்கம். நாலைந்து கிளை வாய்க்கால்களில் துடுப்பை நட்டு ஆழம் பார்த்தார். ஒன்றில் துடுப்பு முழங்கால் அளவுகூட இறங்கவில்லை. அதன் ஓரத்தில் நின்ற கண்டல் மரங்களின் நுனிக்கிளைகளில் இலை உதிர்ந்திருந்தது. "இது நான் வெட்டுனது" என்றார். மறுபடி வெட்டுவார்களா என்று கேட்டேன்.

"வெட்டணும். கூப்புட்டா போவோம். எனக்கு இப்ப முடியாது, பையன் போவான்."

கரைக்கு வந்ததும் படகுக்கு எவ்வளவு என்று கேட்டேன். எறா வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். ஒரு கிலோ வாங்கி, ஐஸ் போட்டு, அத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எந்த மார்க்கெட் மாப்ள?" என்றார். சொன்னேன்.